ஆட்டின் செவியும் பன்றியின் இதயமும்

கல்கத்தா நகரின் காளிகாட் ஆலயத்தைப் பற்றிக் கேள்விப்படாத தமிழர் அரியர். தட்சன் நடத்திய வேள்வியில் அவமதிப்புற்ற சதிதேவி உயிர் நீத்தாள் என்றும், அவளது திருமேனியின் பகுதிகள் நாடெங்கும் சிதறின என்றும், வலது பாதத்தின் விரல்கள் வீழ்ந்த இடமே காளிகாட் என்றும் ஐதிகம் கூறும். அக்கதையின் பிற்பகுதியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. வீரபத்திரர் தட்சனின் தலையைக் கொய்தார். பின்னர்ச் சிவபெருமான் இரங்கி அவனை உயிர்ப்பித்தபோது, அவன் உடலில் பொருந்தியது ஓர் ஆட்டின் தலை. நம் முன்னோர் ரண சிகிச்சையில் கரை கண்டவர்கள் என்பதற்கு இத்தகைய புராணங்களைச் சான்று காட்டுவோர் உண்டு. நாம் அவ்வழியே செல்லப் போவதில்லை. விலங்கின் உறுப்பு மனித உடலில் ஒட்டி வாழலாம் என்ற கற்பனை மிகப் பழமையானது என்பதற்கு மேல் அக்கதை எதையும் நிரூபிக்காது. ஆயினும், ஆட்டின் ஓர் அங்கத்தை மனிதருக்குப் பொருத்தும் காரியம் அதே கல்கத்தாவில் நம் காலத்தில் மெய்யாகவே நடந்திருக்கிறது.

நகரின் வடபகுதியில், பெல்காச்சியாப் பக்கத்தில், குதிராம் போஸ் சரணி என்றொரு சாலை இருக்கிறது. 1908-ஆம் ஆண்டில் பதினெட்டு வயதில் தூக்குமேடை ஏறிய வங்க இளைஞரின் பெயர் தாங்கிய சாலை அது. அதன் ஒரு முனையில் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி. 1886-இல் ராதா கோவிந்த கர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது அது. அதே சாலையில் சற்றுத் தூரம் சென்றால் மேற்கு வங்க விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக் கழகம். 1893-இல் தோன்றிய வங்காளக் கால்நடை மருத்துவக் கல்லூரியே அதன் வேர். மனிதருக்கு வைத்தியம் செய்வோரும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் செய்வோரும் ஒரே சாலையில் ஒரு நூற்றாண்டுக் காலம் அண்டை வீட்டாராக இருந்தனர். 2013-ஆம் ஆண்டையொட்டி அவர்கள் ஒரு பொது முயற்சியில் கூடினர்.

பிறக்கும்போதே செவி மடல் உருவாகாத குழந்தைகள் உண்டு. பிளந்த உதட்டுடன் பிறப்போரும், விபத்தில் மூக்குச் சிதைந்தோரும் உண்டு. இவர்களுக்கு உறுப்பைத் திருத்தியமைக்க வேண்டுமானால், நோயாளியின் விலா எலும்பை ஒட்டிய குருத்தெலும்பை வெட்டியெடுத்துச் செதுக்குவது வழக்கம். ஒரு குறையைப் போக்க இன்னொரு காயம். செயற்கைப் பொருள்களையோ உடல் சில வேளை ஏற்பதில்லை. இறைச்சிக் கூடங்களில் வீசி எறியப்படும் ஆட்டுக் காதின் குருத்தெலும்பை இதற்குப் பயன்படுத்தினால் என்ன என்று கால்நடைப் பல்கலைக் கழகத்தின் சித்தார்த்த ஜோவர்தார், சமித் நந்தி ஆகியோரும், ஆர். ஜி. கர் கல்லூரியின் ரூப் நாராயண் பட்டாச்சார்யாவும் ஆராய்ந்தனர். ரசாயனப் பக்குவத்தால் அக்குருத்தெலும்பிலுள்ள உயிரணுக்களை அகற்றி, வெறுங்கூட்டை மட்டும் நிறுத்திக்கொண்டனர். முதலில் விலங்குகளில் சோதித்தனர். பின்னரே, சம்மதம் பெற்று, 25 நோயாளிகளுக்குப் பொருத்தினர். 2022-இல் இச்செய்தி வெளியாயிற்று.

இது எளிதில் கைகூடியதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது நலம். குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் இல்லை. உயிரணுக்களையும் நீக்கிவிட்டால், அந்நியன் வந்திருக்கிறான் என்று உடலின் காவற் படைக்கு அறிவிக்கத் தக்கது அதில் அதிகமில்லை. பன்றியின் இதய வால்வும் அத்தகையதே. 1965-இல் பாரிஸ் நகரில் முதன்முதல் அது மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் உலகெங்கும் பரவியது. மனித இன்சுலினை ஆய்வகத்தில் உண்டாக்கி விற்பனைக்குக் கொணர்ந்த 1982 வரையில், நீரிழிவு நோயாளிகள் பன்றியின் இன்சுலினையும் மாட்டின் இன்சுலினையுமே ஊசி மூலம் ஏற்றினர். ரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் ஹெப்பாரின் இன்றும் பன்றியின் குடலிலிருந்து வருகிறது. பன்றி என்றதும் முகம் சுளிக்கும் நம்மவரில் எத்தனை பேர் அதற்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாகவே இருக்கும்.

ஆனால் இதயமும் சிறுநீரகமும் வேறு சாதி. ரத்தம் பாயாமல் அவை வாழா. ரத்தம் பாய்ந்த கணமே போர் தொடங்கிவிடும். 1906-இல் பிரான்சின் லியோன் நகரில் மாத்தியூ ஜபுலே பன்றியின் சிறுநீரகத்தை ஒருவருக்கும் ஆட்டின் சிறுநீரகத்தை மற்றொருவருக்கும் பொருத்தினார். இரண்டும் விரைவில் செயலிழந்தன. 1963, 1964-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கீத் ரீம்ட்ஸ்மா சிம்பன்ஸிக் குரங்கின் சிறுநீரகங்களை 13 பேருக்கு வைத்தார். அவர்களுள் ஓர் ஆசிரியை ஒன்பது மாதம் வாழ்ந்தார். 1984-இல் பபூன் குரங்கின் இதயத்தைப் பெற்ற பச்சிளங் குழந்தை ஏறத்தாழ மூன்று வாரமே தாங்கிற்று. குரங்கு நமக்கு நெருங்கிய உறவு. அதுவே சங்கடமும் ஆயிற்று. அதன் நோய்கள் நம்மை எளிதில் பற்றும். அதன் குட்டிகள் மெதுவாக வளரும். அதன் முகத்தைப் பார்த்துக் கத்தியை எடுக்கவும் மனம் கூசும். பன்றியோ நான்கு மாதத்திற்குள் ஈன்று, ஒரே ஈற்றில் பல குட்டிகளைத் தருகிறது. அதன் உறுப்புகளின் அளவும் மனிதருக்கு ஒத்து வருகிறது.

ஆயினும் 1968-இல் லண்டனில் டொனால்ட் ராஸ் வைத்த பன்றி இதயம் சில நிமிஷங்களில் நின்றுபோயிற்று. 1990-களின் தொடக்கத்தில் போலந்து நாட்டில் வைத்த மற்றொன்று ஒரு நாளைத் தாண்டவில்லை. இக்கணக்கை மனத்திற்கொண்டு அஸ்ஸாமுக்குச் செல்வோம்.

குவாஹாத்திக்கு அருகே சோனாபூரில் இதய நிலையம் ஒன்றை நடத்திவந்தவர் தனிராம் பருவா. ஸ்காட்லாந்தில் பயின்ற ரண சிகிச்சை நிபுணர். 1997 ஜனவரி முதல் நாள், ஹாங்காங்கைச் சேர்ந்த ஜோனதன் ஹோ என்னும் நிபுணருடன் சேர்ந்து, 32 வயதான ஒருவருக்குப் பன்றியின் இதயத்தைப் பொருத்தினார். நோயாளி ஏழு நாள் வாழ்ந்து, தொற்றினால் மாண்டார் என்பது அவர் அறிவித்த செய்தி. இரு நிபுணர்களும் கைதாயினர். பருவா 40 நாள் சிறையில் இருந்தார். சிறுநீரக வியாபாரத்தை ஒடுக்கும் நோக்குடன் 1994-இல் இயற்றிய மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை நடந்தது. பன்றியின் உறுப்புக்காக மனித உறுப்புச் சட்டத்தில் ஒருவர் சிறை சென்றார் என்பது வழக்கறிஞர்கள் நெடுநேரம் விவாதிக்கத்தக்க விஷயம்!

2022-இல் அமெரிக்காவில் பன்றி இதயம் மனிதருக்குப் பொருந்தியபோது, நம் நாட்டுப் பத்திரிகைகள் பருவாவை நினைவுகூர்ந்தன. கால் நூற்றாண்டுக்கு முன்பே செய்தவரை நாம் அவமதித்துவிட்டோம் என்று சிலர் வருந்தினர். இவ்வருத்தத்தை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. திருத்தப்படாத பன்றியின் இதயம் பிறரிடத்தில் நிமிஷங்களிலும் மணிகளிலும் நின்றது. சோனாபூரில் அது ஏழு நாள் துடித்தது உண்மையாயின், அது உலகையே புரட்டியிருக்க வேண்டிய கண்டுபிடிப்பு. அப்படியாயின் என்ன மருந்து, என்ன முறை, நாள்தோறும் ரத்தப் பரிசோதனை சொன்னது என்ன என்பவற்றை மற்ற நிபுணர்கள் ஆராய்ந்து ஏற்கத்தக்க முழு ஏடு வெளிவந்திருக்க வேண்டும். வரவில்லை. சிறை கொடிது, அதனால் கூற்று மெய்யாகிவிடாது.

இவ்விடத்தில் கல்கத்தா வேறொருவரை நினைவூட்டுகிறது. 1978 அக்டோபர் 3-ஆம் நாள் அந்நகரில் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்ததாக சுபாஷ் முகோபாத்யாய அறிவித்தார். அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை, பரிகசித்தது. 1981-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆனால் அவருடைய குறிப்பேடுகள் எஞ்சியிருந்தன. டி. சி. ஆனந்த் குமார் என்னும் விஞ்ஞானி கல்கத்தா வந்து அவற்றைப் படித்து, பெருமை தமக்கன்று, அம்மறைந்த மனிதருக்கே உரியது என்று எழுதினார். அவர் அதை எழுதிய ஆண்டும் 1997 தான். ஒரே ஆண்டில் ஒருவர் சிறையில். இறந்த மற்றொருவர் தம் ஏடுகளால் மீண்டும் நிமிர்ந்தார்.

பன்றி இதயம் நின்றுபோனதன் மூல காரணம் ஒரு சர்க்கரை. ஆல்ஃபா-கால் என்னும் அப்பொருள் பன்றியின் உயிரணுக்களின் மேற்பரப்பில் இருக்கிறது, மனிதரிடம் இல்லை. நம் குடலில் வாழும் கிருமிகளிடத்து அதைக் கண்டு பழகிய உடல், பிறந்த சில மாதங்களிலேயே அதற்கு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. பன்றி உறுப்பில் ரத்தம் பாய்ந்ததும் அப்பொருள் குழாய்ச் சுவர்களில் பாய்ந்து தாக்கும், ரத்தம் உறையும், உறுப்பு கருகும். மருந்தால் மட்டும் இதை வெல்ல இயலவில்லை. ஆகவே விஞ்ஞானிகள் பன்றியையே மாற்றினர். இச்சர்க்கரையை உண்டாக்கும் மரபணு நீங்கிய பன்றிக் குட்டிகள் 2000-களின் தொடக்கத்தில் பிறந்தன. 2022 ஜனவரி 7-இல் மேரிலாந்துப் பல்கலைக் கழகத்தில் பார்ட்லி கிரிஃபித், முஹம்மது மொஹியுதீன் ஆகியோர் பயன்படுத்திய பன்றியில் பத்து மாற்றங்கள்: மூன்று சர்க்கரைகளுக்குரிய மரபணுக்கள் முடக்கப்பட்டன, உறுப்பு மனித மார்புக்குள் மேலும் பெருத்துவிடாதபடி வளர்ச்சிக்குரிய ஒன்றும் முடக்கப்பட்டது, ஆறு மனித மரபணுக்கள் சேர்க்கப்பட்டன. 57 வயதான நோயாளி இரண்டு மாதம் வாழ்ந்தார். பன்றிக்குரிய வைரஸ் ஒன்று அவ்வுறுப்பில் ஒளிந்திருந்தது பின்னர்த் தெரிந்தது. அதையும் மறையாமல் வெளியிட்டனர்.

2024 மார்ச்சில் பாஸ்டன் நகரில் ஒருவருக்கு வைத்த சிறுநீரகத்தின் பன்றியில் 69 மாற்றங்கள். அவற்றுள் 59 பன்றியின் மரபணுத் தொகுதியிலேயே உறங்கும் வைரஸ்களை முடக்குவதற்கானவை. அவர் இரண்டு மாதங்களுக்குள் காலமானார். உறுப்பு தோற்றதாக அடையாளம் இல்லை என்று மருத்துவமனை கூறிற்று. 2025 ஜனவரியில் அதே நகரில் மற்றொருவர் பெற்ற பன்றிச் சிறுநீரகம் 271 நாள் உழைத்தது, பின் அகற்றப்பட்டது.

நம் நாட்டு நிலை யாது? 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று வெற்றி கண்டது. கிழக்கிந்தியாவின் முதல் இதய மாற்று 2018 மே மாதத்தில்தான் கல்கத்தாவில் நடந்தது. அதற்கும் இதயம் பெங்களூரிலிருந்து விமானத்தில் வந்தது. மூளை இறந்தவரின் உறுப்பை ஈயும் வழக்கம் வங்கத்தில் அவ்வளவு தாமதமாகவே வேர்விட்டது. காளத்தியில் தம் கண்ணையே பெயர்த்து அப்பிய கண்ணப்பரைப் போற்றும் தமிழ்நாட்டிலும் காத்திருப்போர் பட்டியல் நீண்டதே. டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே வாரத்தில் மூன்று நாள் படுத்திருப்பவருக்குப் பன்றியா மனிதரா என்ற கேள்வி, வீட்டில் சாய்ந்து பத்திரிகை படிக்கும் நமக்குத் தோன்றுவதுபோல் தோன்றாது. ஆனால், எதற்கும் தலையசைக்கக் கூடிய அத்தகையவரிடம் பெறும் சம்மதத்தைத்தான் நாம் மிகக் கவனத்தோடு பெற வேண்டியிருக்கிறது.

மரபணு திருத்திய பன்றிகளை நோய்க்கிருமி அண்டாத கூடங்களில் வளர்ப்பதற்குப் பெரும் பொருள் தேவை. பெல்காச்சியாவில் அவர்களுக்கு வேண்டியிருந்தது கசாப்புக் கடையில் எஞ்சும் ஆட்டுக் காதும், கால்நடை வைத்தியரும் மனித வைத்தியரும் நடந்தே போய்ச் சந்திக்கக்கூடிய ஒரு சாலையுமே.