சந்தேகத்தின் வேதியியல்

வீட்டில் ஒருவர் ரசாயனம் வைத்திருந்தால் அரசு கேட்கும் முதல் கேள்வி, 'எதுக்கு வச்சிருக்கே?' என்பதுதான். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1892இல் கல்கத்தாவில் பிரபுல்ல சந்திர ராய், அப்பர் சர்க்குலர் சாலை 91ஆம் எண் வாடகை வீட்டில் மருந்துப் பொருட்கள் தயாரிக்க ஆரம்பித்தார். கல்லூரி வாத்தியார் வேலை போக மிச்ச நேரத்தில் நடந்த காரியம். மொட்டைமாடியில் மாட்டெலும்பைக் காயப்போட, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். 1901இல் அந்த வீட்டு முயற்சிதான் பெங்கால் கெமிக்கல் கம்பெனி ஆயிற்று.

அதே வங்கத்தில் உல்லாஸ்கர் தத்தாவும் சொந்த முயற்சியில் வேதியியல் பழகியவர். அவர் செய்தது குண்டு. 1908 ஏப்ரல் 30இல் முசாபர்பூரில் குண்டு வெடிக்கிறது. ஜூன் 8இல் வெடிபொருட்கள் சட்டம் வந்துவிடுகிறது. அதன் ஐந்தாம் பிரிவின்படி, சந்தேகத்துக்கு இடமான சூழலில் பொருளைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். நோக்கம் நல்லதுதான் என்று காட்டவேண்டிய பொறுப்பு வைத்திருந்தவருடையது. ராயையும் தத்தாவையும் பிரித்தறியும் சிரமத்தைச் சட்டம் நம் தலையில் கட்டிவிட்டது. அதே ஜூன் 8இல் இன்னொரு சட்டமும் நிறைவேறியது: வன்முறையைத் தூண்டும் பத்திரிகைகளின் அச்சகத்தைப் பறிமுதல் செய்யும் சட்டம். சிறுபத்திரிகை நடத்துகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

விஷச் சட்டத்தின் கதை இதைவிட மோசம். 1904இல் வந்து 1919இல் திருத்தி எழுதப்பட்ட அந்தச் சட்டம், மாடுகளுக்கு விஷம் வைப்பது அடிக்கடி நடக்கும் வட்டாரங்களில் விஷத்தை வைத்திருப்பதையே ஒழுங்குபடுத்தலாம் என்கிறது. இந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு சாதி நிற்கிறது. வட இந்தியாவில் தோலுக்காக ஆர்செனிக் வைத்து மாட்டைக் கொல்கிறார்கள் என்று சமார்கள்மீது பத்தொன்பதாம் நூற்றாண்டு அதிகாரிகள் எழுதிக் குவித்த சந்தேகம், பெயரில்லாமல் சட்டமொழிக்குள் ஏறிக்கொண்டது.

2013 ஜூலை 18இல் உச்ச நீதிமன்றம், லட்சுமி தொடுத்த வழக்கில், அமிலம் விற்கும் கடையில் பதிவேடு வேண்டும், வாங்குபவர் அடையாள அட்டையும் காரணமும் தரவேண்டும், 18 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. இதில் எனக்கு மறுப்பில்லை. தாக்கப்பட்ட பெண்ணே போராடிப் பெற்ற கட்டுப்பாடு இது. சுதந்திரம் பேசும் நண்பர்கள் இந்த வித்தியாசத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் பள்ளிக்கும் ஆய்வகத்துக்கும் மருத்துவமனைக்கும் அந்த உத்தரவில் இடமுண்டு. வீட்டில் சோதனை செய்து பார்க்கும் ஆளுக்குத் தனியாகப் பெயரில்லை. கடைக்காரர் நோட்டில் 'பாத்ரூம் கழுவ' என்று எழுதுவதுதான் அவருக்குச் சுலபம்.

இந்த நோட்டோடு எங்க திருப்பூரைப் பார்க்க வேண்டும். பனியன் துணியை வெளுக்கவும் சாயமேற்றவும் காஸ்டிக்கும் அமிலமும் பெராக்சைடும் லோடு லோடாக வந்த ஊர். ரசாயனம் வந்த டிரம்மில் குடித்தனங்கள் தண்ணீர் பிடித்து வைக்கும். சாயக்கழிவு நொய்யலில் இறங்கியபோது அரசுக்கு 'எதுக்கு?' என்ற கேள்வி எழவில்லை. ஏற்றுமதி, அந்நியச் செலாவணி என்று பதில் முன்கூட்டியே தயாராக இருந்தது. வீட்டுப் புட்டிக்குச் சந்தேகம், பட்டறைக்கு அவகாசம். கழிவே வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் சொல்லியும், பட்டறைகளை மூட உத்தரவு வர 2011 ஜனவரி 28 ஆயிற்று. அதற்குள், பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கி, அதைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கேட்க வேண்டியதாகிவிட்டது.