மருந்து தீர்ந்த ஜாடிகள்

தபால்தலை சேர்ப்பவர்களும் நாணயம் சேர்ப்பவர்களும் நம் பழைய மாணவர்களிலேயே பலர் உண்டு. மருந்துக்கடை ஜாடியை யாராவது சேர்ப்பார்களா? சேர்க்கிறார்கள். அதுவும் காலி ஜாடியை! இத்தாலியில் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் மருந்து வைக்கச் செய்த மண்ஜாடிகளுக்கு ஐரோப்பிய ஏலக்கூடங்களில் இன்றும் பெரும் போட்டி. "காசு கொழுத்தவங்க வேலைப்பா" என்று தள்ளிவிடாமல் கொஞ்சம் கேளுங்கள். நம் வீட்டுக் கடுக்காய்க்கும் இதில் பங்கு உண்டு.

இந்த ஜாடிக்கு அல்பரெல்லோ என்று பெயர். உயரமாக, உடுக்கை போல இடை சிறுத்து இருக்கும். அழகுக்காக அப்படிச் செய்ததாக நினைத்துவிட வேண்டாம். அலமாரியில் ஜாடிகள் நெருக்கியடித்து நிற்கும்போது, பக்கத்து ஜாடியில் இடிக்காமல் கைவிட்டு எடுக்க அந்த இடுப்புதான் உதவியது. வாயின் விளிம்பு சற்று வெளியே நீண்டிருக்கும். தோலையோ துணியையோ போர்த்தி, அந்த விளிம்புக்குக் கீழே கயிற்றால் கட்டினார்கள். நம்ம பாட்டிமார் ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுகிற மாதிரியேதான். லேகியமும் களிம்பும் இதில். எண்ணெய்க்கும் பாகுக்கும் மூக்கும் கைப்பிடியும் வைத்த வேறு ஜாடி. இந்த வடிவம் இத்தாலியர் கண்டுபிடித்ததும் அல்ல. பாரசீகத்திலும் சிரியாவிலும் பிறந்து, வணிகத்தின் வழியே அங்கே போய்ச் சேர்ந்தது.

வேதியியல் படித்த நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஈயக் கண்ணாடிப் பூச்சில் வெள்ளீய ஆக்சைடைக் கலந்தால் அது பால்போல் வெளுத்து, அடியில் இருக்கும் மண்ணின் நிறத்தை மறைத்துவிடும். ஒருமுறை சுட்ட ஜாடியை இந்தக் கரைசலில் முக்கி, காய்ந்த மாவுப் பரப்பின்மேல் சித்திரம் எழுதி, மறுபடி சூளையில் வைப்பார்கள். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, மஞ்சளுக்கு ஆன்டிமனி, கருஞ்சிவப்பு ஊதாவுக்கு மாங்கனீஸ். மாவு நிறத்தை உடனே உறிஞ்சிக்கொள்ளும். தூரிகை வைத்தால் வைத்ததுதான், அழிக்க முடியாது. மயோலிக்கா எனப்படும் இந்தத் தொழிலை 1557 வாக்கில் பிக்கோல்பாஸ்ஸோ என்பவர் படங்களோடு எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

இனி ஒரு ஆஸ்பத்திரி. புளோரன்ஸ் நகரில் 1288-இல் சாண்டா மரியா நுவோவா என்ற மருத்துவமனையை ஃபோல்கோ போர்ட்டினாரி என்ற செல்வர் தொடங்கினார். மகாகவி தாந்தேயின் பெயத்ரிச்சேக்கு இவர்தான் தந்தை. 1430-31-இல் ஜுந்தா தி துஜோ என்ற குயவரிடம் இந்த ஆஸ்பத்திரி ஏறக்குறைய 1000 ஜாடிகள் வாங்கியது. ஆயிரம் ஜாடி என்றால் எவ்வளவு பெரிய மருந்துச்சாலை, யோசித்துப் பாருங்கள்! கனத்த நீலத்தில் ஓக் இலைகள் எழுதிய அக்கால ஜாடிகள் சிலவற்றில், கைப்பிடிக்கு அடியில் ஒரு சின்ன ஊன்றுகோல் வரைந்திருக்கும். அது இந்த ஆஸ்பத்திரியின் சின்னம். பித்தளைப் பாத்திரத்தில் நாம் பெயர் வெட்டுகிறோமே, அதே காரியம். சியன்னா நகர ஆஸ்பத்திரிக்கு ஏணி சின்னம்.

ஜாடியின் நெற்றியில் மருந்தின் பெயர் இருக்கும், பெரும்பாலும் சுருக்கி எழுதிய லத்தீனில். எனக்கு இந்த ஜாடிகளில் மிகவும் பிடித்தது அந்த எழுத்துதான். 'மிரபொலானி' என்று ஒரு பெயர் வரும். அது என்னவென்றால், அரபு வைத்தியர்கள் வழியாக ஐரோப்பா போன நம் கடுக்காய்! அதே பெயரின் கீழ் தான்றிக்காயும் நெல்லிக்காயும்கூட அங்கே விற்றன. ஆக, நம் நாட்டு வைத்தியரின் திரிபலா மூன்றும் இத்தாலிய அலமாரிக்குப் போயிருக்கிறது. புளிக்கு அவர்கள் வைத்த பெயரே 'இந்தியப் பேரீச்சை' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. விலை உயர்ந்த மருந்து தெரியாக்கா. விரியன் பாம்பின் இறைச்சியும் மிளகும் இன்னும் அறுபதுக்கு மேற்பட்ட சரக்குகளும் சேரும் விஷமுறிவு லேகியம். கலப்படம் இல்லை என்று ஊர் நம்ப வேண்டும் என்பதற்காக வெனிஸில் இதைப் பொது இடத்தில், அதிகாரிகள் முன்னிலையில் தயாரித்தார்கள். நோய் குணமாச்சா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பிறகு காலம் மாறியது. நெப்போலியன் காலத்தில் மடங்கள் கலைக்கப்பட்டன. இத்தாலி ஒன்றுபட்ட பிறகு 1866-இல் வந்த சட்டம் எஞ்சியவற்றின் சொத்தையும் அரசுக்கு எடுத்துக்கொண்டது. மடத்து மருந்துச்சாலைகள் மூடப்பட, தோளோடு தோள் உரசி நின்ற ஜாடிகள் வியாபாரிகள் கைக்குப் போய் ஒவ்வொன்றாக ஊர் ஊராகச் சிதறின. சேகரிப்பாளர்கள் வாங்கியிராவிட்டால் பல ஜாடிகள் குப்பைக்குப் போயிருக்கும், உண்மை. அவர்கள் ஒற்றை ஜாடிக்குக் கொடுத்த விலைதான் வரிசைகளை உடைத்தது, அதுவும் உண்மை. நல்லவர்களும் இருந்தார்கள். ஹென்றி வாலிஸ் என்ற ஆங்கில ஓவியர், விஷத்தில் மாண்ட இளங்கவி சாட்டர்டனை வரைந்து புகழ் பெற்றவர், ஓக் இலை ஜாடிகளைப் பற்றி 1903-இலும் அல்பரெல்லோ பற்றி 1904-இலும் புத்தகங்கள் எழுதிச் சிதறியவற்றுக்குக் கணக்கு வைத்தார்.

வரிசை உடைந்தால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒர்சினி-கொலோன்னா ஜாடிகளைச் சொல்லலாம். ரோமில் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்ட இரு குடும்பங்கள் இவை. ஒன்றின் சின்னம் கரடி, மற்றதன் சின்னம் தூண். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஜாடியில் கரடி தூணைக் கட்டித் தழுவுகிறது! இதே வகை ஜாடிகள் பல நாடுகளில் பிரிந்து கிடந்தன. எந்த ஊரில் செய்தவை என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். கடைசியில் அப்ருஸ்ஸி மலைப்பகுதியின் கஸ்டெல்லி கிராமத்தில் மண்ணைத் தோண்டி எடுத்த உடைசல்கள்தான் வழக்கைத் தீர்த்தன. ஆகவே அழகிய பெண் முகம் எழுதிய முழு ஜாடியையும், விளிம்பு உடைந்து ஆஸ்பத்திரிச் சின்னம் மட்டும் மிஞ்சிய ஜாடியையும் என் முன் வைத்தால், நான் உடைந்ததைத்தான் எடுப்பேன்.

போலிகளும் ஏராளம். 19-ஆம் நூற்றாண்டில் புளோரன்ஸின் கந்தகல்லி தொழிற்கூடம் பழைய பாணியில் அருமையாகச் செய்தது. அடியில் சேவல் முத்திரை வைத்ததால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. முத்திரையில்லாதவைதான் ஆபத்து. இன்று வெப்ப ஒளிர்வுச் சோதனை இருக்கிறது: துளி மண்ணைச் சூடாக்கி, அதில் வரும் மெல்லிய ஒளியை அளந்து, அது சூளையில் வெந்த காலத்தைக் கணிப்பார்கள்.

நம் மாணவர்களில் யாராவது இத்தாலி போனால், ஃபாயென்ஸா நகரத்துப் பீங்கான் மியூசியத்தைப் பாருங்கள். 1908-இல் தொடங்கி, 1944 குண்டுவீச்சில் நொறுங்கி, மறுபடி எழுந்தது. ஊர்பினோ குயவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் செய்த பெரிய வரிசை ஒன்று லொரேத்தோவில் இருக்கிறது. கடைத்தெருவில் கிடைக்கும் டெருட்டா ஜாடியைப் புதுசு என்று தெரிந்தே வாங்குங்கள். கடுக்காய் போட்டு வைக்க அது போதும்.