பத்து வயதில் முடிந்த பள்ளிக்கூடம்

1907 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைத் தோட்டத்துத் தொரைமாருக்கு ஒரு கடமையை விதித்தது. தோட்டத்தில் வாழும் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்க வேண்டும், அதற்கென்று ஓர் இடமும் ஒதுக்க வேண்டும். இருபது வருடம் கழித்து, 1927இல் வந்த சம்பளச் சட்டம், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு எடுக்கக் கூடாது என்றது. ஆண், பெண், பிள்ளை என்று மூன்று விதச் சம்பளத்துக்கும் அது வழிசெய்தது. இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படித்தால் விஷயம் விளங்கும். பள்ளிக்கூடம் முடிகிற வயதும் மலைக்கு ஏறுகிற வயதும் ஒன்று. தென்னிந்தியாவிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்த எங்கள் சனத்தின் படிப்பு நெடுங்காலம் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

நான் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டி மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளிலேயே படிப்பித்து ஓய்வுபெற்றவள். எங்கள் லயத்திலிருந்து குறுக்குப் பாதையில் நடந்தால் லூல்கந்துர தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம் அது. அவருடைய கல்லறை கண்டி மஹியாவையில் இருக்கிறது, பார்க்க வருகிறவர்களும் உண்டு. அந்தப் 19 ஏக்கரில் கன்று நட்டவர்களின் பெயர் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் ஏறியதோடு சரி.

கோப்பிக் காலத்திலேயே, 1850களில், கண்டியை மையமாக வைத்துக் கிறிஸ்தவ மிசன்காரர்கள் தோட்டங்களுக்குள் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் லயம் லயமாக நடந்து போனார்கள். அவர்கள் எட்டாத தோட்டங்களில் எழுத்துத் தெரிந்த ஒரு கணக்கப்பிள்ளையோ கோவில் பூசாரியோதான் வாத்தியார். என் அம்மாயி சொல்வார்: "தப்பு அடிச்சதும் பெரட்டுல ஆள் கணக்கு. பெரட்டு முடிஞ்சு, கொழுந்து நிறுத்து, எல்லாம் ஆன பொறவுதான் அரிச்சுவடி. அதுவும் ஆம்பளப் புள்ளைக்கு. நான் தம்பிய இடுப்புல வச்சிக்கிட்டு வாசல்ல நின்னு கேட்டேன்." வாசலில் நின்று கேட்டே அவர் தன் பெயரை எழுதப் பழகியிருந்தார். கைரேகை வைக்கச் சொன்னபோதெல்லாம் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டவர். எங்கள் குடும்பத்துக் கல்வியின் தொடக்கமாக நான் அதைத்தான் கருதுகிறேன்.

கண்டி நகரத்தில் அப்போது படிப்புக்குப் பஞ்சமில்லை. திரித்துவக் கல்லூரி 1872இல் வந்துவிட்டது, தர்மராஜ 1887இல். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் தொடங்கியபோது நாடே கொண்டாடியது. ஆனாலும் தோட்டப் பாடசாலை தொரையின் கையிலேயே கிடந்தது. 1947இல் ஒரு திருத்தச் சட்டம் வந்தும் அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகள் மிகச் சில. அதே ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவர் நாவலப்பிட்டி உறுப்பினர் கே. ராஜலிங்கம். புசல்லாவையில் சரஸ்வதிப் பாடசாலை உருவாக உழைத்த காந்தியவாதி. ஆனால் 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது, தொடர்ந்து வாக்கும் போனது. வாக்கில்லாத சனத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டித்தர எந்த வேட்பாளரும் வரவில்லை. பறித்தது குடியுரிமையை மட்டுமல்ல, எங்கள் வகுப்பறையையும்தான் என்று நான் எப்போதும் சொல்லிவருகிறேன்.

நான் படித்தது 1960களில். ஒரே மண்டபம், ஒரே மாஸ்டர், ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்பு "அ, ஆ" என்று கத்தும்போது ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும். ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, மரண வீட்டுக்குத் தந்தி எழுதுவது, சங்கத்து மனு எழுதுவது, எல்லாம் மாஸ்டர் தலையில்தான். 1960, 61இல் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் எங்களுடையது விடுபட்டது. ஐந்தோடு கதவு மூடும். அம்மா ஒரு பசு வைத்திருந்தார். அந்தப் பால் காசில்தான் நான் டவுனுக்குப் போய் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தேன். என்னோடு ஐந்து முடித்த மற்றப் பெண்பிள்ளைகள் கொழுந்துக் கூடை கட்டினார்கள்.

பிறகு வந்த காலத்தை எழுத இன்றும் மனம் பதறுகிறது. 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுக்கவும் முடிவு செய்தது. மிஞ்சிய 1,50,000 பேர் கதை 1974 வரை இழுபட்டது. கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தின் முன்னால் குடும்பம் குடும்பமாகச் சனம் காத்திருந்தது. பயணம் சொல்லிப் போன பிள்ளைகளின் பெயர்களை இடாப்பில் சிவப்பு மையால் வெட்ட வேண்டும். நான் அப்போது தோட்டச் சம்பளத்தில் உதவி ஆசிரியை. கூடவே 1973, 74இன் பட்டினி. ரேஷன் குறைந்தது, கோதுமை மா கிடைக்கவில்லை, தோட்டத்தில் வேலை நாளும் குறைந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்துக்குப் பின் கண்டி மாவட்டத்தின் எத்தனையோ தோட்டங்கள் கவனிப்பாரற்றுப் போயின. துரத்தப்பட்ட சனம் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனது, சிலர் கண்டித் தெருவில் கையேந்தினார்கள். வகுப்பில் பிள்ளைகள் பாடம் நடக்கும்போதே மேசையில் தலை சாய்த்துத் தூங்குவார்கள். எழுப்ப எனக்கு மனம் வராது. கண்டியில் 1972இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதயம் அமைப்பு அந்த நாட்களில் எங்களுக்காகப் பேசியது. அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

1977இலிருந்து அரசு தோட்டப் பாடசாலைகளை எடுத்தது. சுவீடன் உதவியில் கட்டடம் எழும்பியது, எங்கள் பிள்ளைகளே ஆசிரியர்களானார்கள், பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. பெரிய மாற்றம்தான். ஆனாலும் கல்வி இலவசம் என்பதும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பதும் வேறு வேறு. கென்யாவில் 2003 ஜனவரியில் ஆரம்பப் பாடசாலைக் கட்டணத்தை நீக்கினார்கள் என்று படித்தபோது, அங்குள்ள கெரிச்சோ தேயிலை மலைகளின் பெற்றோரை நினைத்துக்கொண்டேன். கட்டணம் போனாலும் சப்பாத்து, சீருடை, வீட்டில் சின்னதைப் பார்க்க ஆளில்லாத குறை, இவையெல்லாம் யார் தலையில்? இங்கே நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய். எடுத்த கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்தக் கணக்குக்குள்தான் பிள்ளையின் கொப்பியும் பஸ் காசும் அடங்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கலஹாவிலிருந்து கண்டிக்கு வரும் பாதை பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளால் போகிறது. 1952இலிருந்து எங்கள் சனம் அந்த மரங்களுக்கு நடுவே பஸ்ஸில் போய்வருகிறது. இறங்கி உள்ளே போனவர்கள் கொஞ்சப்பேர். தோட்டத்துக்குப் பக்கத்தில் உயர்தர விஞ்ஞானம், கணிதம் படிப்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் அரிது, கண்டிக்குத்தான் வர வேண்டும். அதனால் பழைய மாணவர் கூட்டங்களில் நான் கேட்பது இரண்டு: விடியற்காலையில் லயத்தடிக்கே வருகிற ஒரு பஸ், தெல்தோட்டையிலேயே பௌதிகமும் இரசாயனமும் தமிழில் படிப்பிக்க நிரந்தரமாக இரண்டு ஆசிரியர்கள். கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது.