காய்ச்சலின் பெயரில் ஒரு மருத்துவக் கல்லூரி

டைஃபஸ் வேறு, டைஃபாய்டு வேறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெகுகாலம் நானே இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டைஃபாய்டு கெட்ட தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது. டைஃபஸ் உடற்பேன்களால் பரவுவது. குளிக்க வழியில்லாமல், மாற்றுத்துணி இல்லாமல் ஆட்களை நெருக்கியடித்து அடைத்து வைத்தால் அது வந்தே தீரும்.

வார்சாவில் 1940 நவம்பரில் நாஜிகள் செய்தது அதைத்தான். சுமார் நாலு லட்சம் யூதர்களை மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்குள் போட்டுச் சுவருக்குள் பூட்டினார்கள். யூதர்கள் தொற்றுநோயைப் பரப்புகிறார்கள் என்பதுதான் சுவருக்குச் சொன்ன காரணம்! அடைத்த பிறகுதான் நோய் உண்மையில் கொழுந்துவிட்டு எரிந்தது.

போலந்தின் பல்கலைக்கழகங்களை 1939லேயே மூடியாயிற்று. அடிமைக்கு டாக்டர் படிப்பு எதற்கு என்ற கணக்கு. இந்த நிலையில் ஜூலியுஸ் ட்ஸ்வைபாம் என்ற திசுவியல் ஆசிரியர், கொள்ளைநோய்த் தடுப்புக்கான சுகாதாரப் பயிற்சி நடத்த அனுமதி கேட்டார். ஜெர்மானியர்களுக்கு டைஃபஸ் என்றால் கிலி, சுவரைத் தாண்டித் தங்கள் சிப்பாய்களைப் பிடித்துவிடுமோ என்று. அனுமதி கிடைத்தது. 1941 மே மாதம் வகுப்பு தொடங்கியது. பெயர்தான் சுகாதாரப் பயிற்சி. நடந்தது உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று அசல் மருத்துவப் பாடத்திட்டம். மாலை நேரங்களில் ஐந்நூறு பேர் வரை படித்தார்கள், பாதி வயிற்றோடு.

நுண்ணுயிரியல் எடுத்தவர் லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட். ஏ, பி, ஓ ரத்தவகைகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருபவை என்று 1910 வாக்கில் டுங்கெர்னுடன் சேர்ந்து காட்டிய அதே ஆள். கத்தோலிக்கராக மாறியவர், நாஜிக் கணக்கில் யூதர்தான். சுவருக்கு வெளியிலும், போலந்து மாணவர்களுக்காக, அறுவை மருத்துவர் யான் ஸாவோர்ஸ்கி அதே 1941ல் மருத்துவ உதவியாளர் பள்ளி என்ற போர்வையில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

இதையெல்லாம் 'நாஜிகளின் கண்ணில் மண்ணைத் தூவிய கதை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. அந்த அனுமதி முழுப் பொய் இல்லையே? தெருத்தெருவாக மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பேனையும் நோயையும் புரிந்துகொண்ட ஆட்கள் அங்கே அன்றைக்கே தேவைப்பட்டார்கள், ஐந்து வருடம் கழித்து அல்ல. டாக்டர் ஆவோமா என்று தெரியாது. கற்றது பக்கத்து வீட்டுக்காரருக்காவது உதவும்.

1942 ஜூலை 22 அன்று ட்ரெப்லிங்காவுக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். பள்ளி அதோடு சரி. மாணவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களில் சிலர் போருக்குப் பிறகு விட்ட இடத்திலிருந்து படித்து டாக்டர் ஆனார்கள். ட்ஸ்வைபாமும் ஹிர்ஷ்ஃபெல்டும் தப்பினார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் 1945ல், குண்டுவீச்சில் பாழாகிக் கிடந்த வ்ரோட்ஸ்வாஃப் நகருக்குப் போய், அங்கே தொடங்கிய மருத்துவத் துறைக்கு முதல் டீன் ஆனார்.