26 - 23: ஒரே மேட்ச்ல 49 ரன்... 100 வருஷம் தாண்டியும் உடையாத பேஸ்பால் சாதனை! அன்று என்ன நடந்தது?

49 ரன் எல்லாம் ஒரு சாதனையா என்று கேட்கிறீர்களா? கிரிக்கெட்டில் அது ஒரு டீம் மொத்தமாகக் கவிழ்ந்தால் வரும் ஸ்கோர். ஆனால் பேஸ்பாலில் கதையே வேறு. ஒரு டீம் சராசரியாக 4, 5 ரன் எடுத்தாலே நல்ல ஆட்டம்தான். அதனால்தான் 1922 ஆகஸ்ட் 25-ம் தேதி நடந்த ஒரு மேட்ச் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

யார் யாருக்கு மேட்ச்?

அமெரிக்காவின் சிகாகோ நகரில், சிகாகோ கப்ஸ் அணியும் பிலடெல்பியா பில்லீஸ் அணியும் மோதின. மைதானத்தின் அன்றைய பெயர் கப்ஸ் பார்க். இன்று நாம் ரிக்லி ஃபீல்டு என்று சொல்வது அதைத்தான்.

4 இன்னிங்ஸிலேயே 25 ரன்

பேஸ்பாலில் ஒரு அணிக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் 3 பேர் அவுட் ஆகும் வரை ஆடலாம். கப்ஸ் 2-வது இன்னிங்ஸில் 10 ரன், 4-வது இன்னிங்ஸில் 14 ரன் விளாசியது. அந்த 4-வது இன்னிங்ஸில் மட்டும் மார்ட்டி கலஹான் 3 முறை பேட்டிங் பிடிக்க வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஹேக் மில்லர் 2 ஹோம் ரன் அடித்தார். 4 இன்னிங்ஸ் முடிவில் ஸ்கோர் 25-6. மேட்ச் முடிஞ்சது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் முடியல!

6-வது இன்னிங்ஸ் முடிவில் 26-9. அதன் பிறகு கப்ஸ் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. பில்லீஸோ 8-வது இன்னிங்ஸில் 8 ரன், கடைசி இன்னிங்ஸில் 6 ரன் சேர்த்தது. ஸ்கோர் 26-23. 2 பேர் அவுட். மூன்று பேஸிலும் பில்லீஸ் வீரர்கள். இப்போது ஒரு ஹோம் ரன் விழுந்தால் 4 ரன் வரும், பில்லீஸ் 27-26 என முந்திவிடும். பந்து வீசியவர் டைனி ஆஸ்போர்ன். பேட் பிடித்தவர் பெவோ லெபோர்வோ. அவர் பந்தைத் தொட முடியாமல் 'ஸ்ட்ரைக் அவுட்' ஆனார். மேட்ச் ஓவர். 23 ரன் எடுத்தும் பில்லீஸுக்குத் தோல்விதான்.

இவ்வளவு ரன் வர என்ன காரணம்?

அன்று இரண்டு அணிகளும் சேர்ந்து அடித்த 'ஹிட்'கள் மட்டும் 51. இதற்குப் பின்னால் ஒரு சோகமும் உண்டு. 1920 வரை அழுக்கேறி, நைந்துபோன பந்தை வைத்தே ஆடுவார்கள். எச்சில் தடவியும் பந்து வீசுவார்கள். பேட்ஸ்மேன் அடிப்பதே கஷ்டம். 1920 சீசனுக்கு முன்பே எச்சில் பந்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அந்த ஆகஸ்டில் கிளீவ்லேண்ட் வீரர் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு, மறுநாள் உயிரிழந்தார். அதன் பிறகு அழுக்கான பந்துகளை உடனே மாற்றத் தொடங்கினார்கள். வெள்ளைப் பந்து கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. ரன்னும் குவிய ஆரம்பித்தது.

சாதனையை யாராவது நெருங்கினார்களா?

நெருங்கியதும் இதே இரண்டு அணிகள்தான், அதுவும் இதே மைதானத்தில்! 1979 மே 17-ம் தேதி நடந்த மேட்சில் மொத்தம் 45 ரன். இந்த முறை பில்லீஸ் 21-9 என முன்னிலையில் இருந்தது. கப்ஸ் விரட்டி வந்து 22-22 எனச் சமன் செய்தது. கூடுதலாக ஆடிய 10-வது இன்னிங்ஸில் மைக் ஷ்மிட் அடித்த ஹோம் ரன்னால் பில்லீஸ் 23-22 என வென்றது.

57 வருஷம் கழித்து, அதே 23 ரன். ஆனால் இந்த முறை ஜெயிக்க அது போதுமானதாக இருந்தது!