தொங்கும் காதுக்குப் பின்னால் ஒரு வரலாறு



விடுமுறை வந்தால் பிள்ளைகள் முயல் கேட்டு அடம்பிடிப்பார்கள். அதிலும் காது தொங்கும், முகம் உருண்ட, கைக்குள் அடங்கும் முயல்தான் வேண்டும் என்பார்கள். வாங்க முன்னர் அந்த முயல் எப்படி உருவானது என்பதை நாமும் தெரிந்துகொள்வோம்.

உலகெங்கும் வீடுகளில் வளரும் முயல்கள் ஸ்பெயின், போர்த்துக்கல், தென் பிரான்ஸ் பக்கத்துக் காட்டு முயலின் வழிவந்தவை. அதற்கு நிமிர்ந்த காது, நீண்ட முகம். மனிதன் முதலில் அதை வளர்த்தது இறைச்சிக்கும் தோலுக்கும்தான். அழகுக்காக வளர்க்கும் மோகம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெருகியது. கண்காட்சிகளில் நீளமான காதுக்கு மதிப்பு. சார்ள்ஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் முயலுக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். ஒரு காது நுனியிலிருந்து மறுகாது நுனிவரை அளந்தால் காட்டு முயலுக்கு 8 அங்குலமும் இல்லை. கண்காட்சி முயலுக்கு 22 அங்குலம்! காது தொங்கியதால் மண்டையோட்டு எலும்பும் மாறியிருப்பதை அவர் அன்றே குறித்து வைத்தார்.

அடுத்த கட்டம் ஒல்லாந்து நாட்டில். 1949இல் அட்ரியன் டி கொக் என்பவர், நாலரைக் கிலோவுக்கும் மேல் எடையுள்ள பிரெஞ்சுத் தொங்குகாது முயலையும் ஒரு கிலோ அளவான குள்ள முயலையும் கலக்க முயன்றார். முதல் ஈற்றுக் குட்டிகள் எல்லாம் இறந்துபோயின. அவர் விடவில்லை. ஆங்கிலத் தொங்குகாது முயலையும் சேர்த்துக் கலந்தார். 1964இல் அது தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது. இன்று பிள்ளைகள் கேட்கும் 'ஹொலண்ட் லொப்' அதுதான்.

இந்த அழகுக்கு விலை கொடுப்பது முயல்தான்.

முதலாவது, குள்ளத்தன்மை. அதற்குரிய மரபணு ஒரு பிரதி இருந்தால் முயல் சிறிதாக இருக்கும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சேர்ந்து இரண்டு பிரதி வந்தால் குட்டி பிறந்து சில நாட்களுக்குள் இறந்துவிடும். இரு குள்ள முயல்களைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு இதுதான் முடிவு.

இரண்டாவது, காது. காது மடிந்து தொங்கும்போது உள்ளே போகும் குழாய் ஒடுங்குகிறது. குறும்பி வெளியேறாமல் தேங்கி, சீழ் பிடித்து வலிக்கும். லண்டன் அரச மிருக வைத்தியக் கல்லூரி ஆய்வாளர்கள் 15 தொங்குகாது முயல்களையும் 15 நிமிர்காது முயல்களையும் ஒப்பிட்டு 2019இல் எழுதினார்கள். காதுக் குழாய் ஒடுக்கமும் காதைத் தொட்டால் வலிக்கும் அறிகுறியும் தொங்குகாது முயல்களில் அதிகம்.

மூன்றாவது, பல். முயலின் பல் சாகும்வரை வளரும்; முன்பல் கிழமைக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். தாடை சரியாகப் பொருந்தாவிட்டால் பல் தேயாது, வளைந்து வாயைக் குத்தும். அந்த 2019 ஆய்வில் பல் கோளாறும் தொங்குகாது முயல்களிலேயே கூடியிருந்தது. பிறகு பிரித்தானியாவில் பெருந்தொகை முயல்களின் வைத்தியப் பதிவுகளைப் பார்த்த ஆய்வு பல் விடயத்தில் அந்த வித்தியாசத்தைக் காணவில்லை. ஆகவே எல்லாப் பழியையும் இனத்தின் மேல் போட முடியாது. புல் இல்லாமல் கரட்டும் பிஸ்கட்டும் கொடுக்கும் நமக்கும் அதில் பங்குண்டு.

முயல் வலியை வெளியே காட்டாது. வேட்டையாடப்படும் பிராணியின் இயல்பு அது. அமைதியாக இருப்பதை நாம் 'நல்ல முயல்' என்று நினைத்துவிடுகிறோம்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், கூட்டுக்குள் இருக்கும் முயலுக்கும் அது பொருந்தும் என்பதைச் சேர்த்துச் சொல்வோம்.

வளர்க்க விரும்பினால் காது நிமிர்ந்த சாதாரண முயல் போதும். ஏற்கெனவே தொங்குகாது முயல் இருந்தால் கிழமைக்கு ஒருமுறை காதையும் முன்பல்லையும் பாருங்கள். கினிப்புல் தாராளமாகக் கொடுங்கள். அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இரண்டு குள்ள முயல்களைச் சேர்த்துக் குட்டி எடுக்க வேண்டாம்.

வாயில்லா ஜீவன்கள் விடயத்தில் அல்லாஹ் நம் அனைவருக்கும் இரக்கத்தைத் தருவானாக.