ஹரியட் பீச்சர் ஸ்டோவின் செதுக்கோவியம்

அமெரிக்க அடிமைமுறையை எதிர்த்து எழுதிய ஹரியட் பீச்சர் ஸ்டோவின் (1811–1896) உருவத்தை உலோகத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம். நியூயோர்க் ஓவியர் அலன்சோ சாப்பல் (1828–1887) வரைந்த ஓவியத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது, 1872இல் வெளிவந்தது.

ஸ்டோவின் முகத்துக்குக் கேள்வி பிறந்தது அதற்கு இருபது ஆண்டு முன்னரே. ‘டாம் மாமாவின் குடில்’ 1851 ஜூன் முதல் வோஷிங்டன் வார இதழொன்றில் தொடராக வந்து, 1852 மார்ச்சில் பொஸ்டனில் நூலானது. முதல் ஆண்டிலேயே அமெரிக்காவில் சுமார் 3 இலட்சம் படிகள் விற்றன. 1853இல் அவர் பிரித்தானியா சென்றபோது ஜோர்ஜ் ரிச்மண்ட் அவரை வரைந்தார்.

புகைப்படம் அப்போதே இருந்தது. ஆனால் அதை எழுத்தோடு சேர்த்து மலிவாக அச்சிடும் வழி 1880களில்தான் பரவியது. அதுவரை ஒரு முகம் ஊரூராகப் போக வேண்டுமானால் செதுக்குபவரின் கை வேண்டும். செய்முறை நமக்குப் புதிதல்ல. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, கரி தடவித் துடைத்தால் மை கீறலில் மட்டும் தங்கும் அல்லவா? அதுவேதான். தகட்டில் ஈரத்தாளை வைத்து அழுத்தினால் பள்ளத்து மை தாளுக்கு ஏறும். முகத்தின் மென்மைக்குப் புள்ளிகள், உடைக்குக் கோடுகள் என்று கலந்து செதுக்குவதே அக்கால வழக்கம். செம்புத் தகடு விரைவில் தேயும். எஃகு பல ஆயிரம் படிகளைத் தாங்கும். எழுத்து அச்சு மேட்டில் மை பூசுவது, இதுவோ பள்ளத்தில் மை நிரப்புவது. ஆகவே படத்தைத் தனித்தாளில் அடித்து நூலோடு சேர்த்துத் தைத்தார்கள். பின்னாளில் பலர் அத்தாளைக் கழற்றிச் சட்டமிட்டு விற்றதற்கும் அதுவே வசதியாயிற்று.

ஓவியரின் கை, செதுக்குபவரின் கை என்று இரண்டைக் கடந்து வந்த முகம் இது. அச்சு அசலான ஸ்டோ என்று இதை நம்புவது சற்று அதிகம்.

அடிமைமுறை இலங்கையிலும் இருந்தது. ஆனால் இங்கு ‘டாம் மாமாவின் குடில்’ ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னால் வந்த கதை. பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் தூண்டுதலால், 1816 ஓகஸ்ட் 12க்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று உடைமையாளர் பலர் ஒப்பினர். 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அடிமைமுறையை முற்றாக ஒழித்தது.

ஸ்டோவின் படத்தருகே வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொருவர், அடிமையாகப் பிறந்து தப்பிய ஹரியட் ஜேக்கப்ஸ். அவர் வரலாற்றை ஸ்டோ தம் நூலொன்றில் சேர்த்துக்கொள்ள விரும்பினார். ஜேக்கப்ஸ் இசையவில்லை, தாமே எழுதினார். 1861இல் வந்த அந்நூலில் ஆசிரியர் பெயர் லிண்டா பிரெண்ட் என்ற புனைபெயர். பெயரை மறைத்தவர் முகத்தைக் காட்ட முடியுமா? இன்று நாம் காணும் ஜேக்கப்ஸ், 1894இல் முதுமையில் எடுத்த புகைப்படத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.